பின்பனிக்காலத்து வாவிக்கரை: பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் உள்ள தமிழ், முஸ்லிம் பாடசாலைகளில் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



மார்கழியின் அடைமழை ஓய்ந்து, தைப்பொங்கலும் கழிந்து, மாசி பிறந்துவிட்ட இந்நாட்களில், வாடைக்காற்றின் ஈரம் முற்றாக நீங்காமலும் கச்சானின் வெப்பம் இன்னும் எட்டிப் பாராமலும் இருக்கின்ற இந்தச் சிறு இடைவேளையில், நம்முடைய வாவியும் அதனைச் சூழ்ந்த வயல்வட்டைகளும் ஆண்டின் வேறெந்தக் காலத்திலும் காட்டாத ஒரு காட்சியைக் காட்டிக்கொண்டிருக்கின்றன என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவும், அக்காட்சி கலைந்துபோகும் முன்னர் தங்கள் மாணவர்களை ஒரு காலையேனும் கால்நடையாக அழைத்துச் சென்று அதனைக் காட்டவேண்டுமென்று கேட்டுக்கொள்ளவுமே இம்மடலை எழுதுகிறேன்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்தபோது மாசியையும் பங்குனியையும் பின்பனிக்காலம் என்றனர். மலைநாட்டாரின் குளிர் நமக்குத் தெரியாது; மட்டக்களப்பில் அதிகாலை வெப்பமானி 22, 23 பாகைக்கு இறங்கினாலே முதியவர்கள் காதைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொள்கின்றனர். ஆயினும் விடியற்புறத்துப் பனி வரம்புப் புல்லில் முத்து முத்தாய் நின்று, கால் வைத்த இடமெல்லாம் நனைக்கும் இந்தக் குளிர்ச்சிக்கு ஒரு விசேஷம் உண்டு. குளிர் தேசத்தார் பனி உருகத் தொடங்கும் மார்ச்சு மாதத்தில், முதற் பூவையும் முதற் பறவையையும் தேடி வயல்வெளிகளில் நடப்பது வழக்கம். அவர்களுக்கு அது வருகையின் காலம். நமக்கோ அதே மாதம் பிரிவின் காலம். வடபுலத்து ஏரிகளின் கரையில் சிலர் வரவேற்கக் காத்திருக்கும் பறவைகளுள் ஒரு பகுதியை இங்கிருந்து வழியனுப்பி வைக்கிறவர்கள் நாம். ஆனால் வழியனுப்புகிறோம் என்பதையே அறியாமல் வழியனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

வாவியின் இயல்பைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை எனினும், இப்பருவத்தின் காட்சிக்குக் காரணம் அவ்வியல்பே ஆதலால் சிறிது விரித்துரைக்க அநுமதி வேண்டுகிறேன். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமாகக் கடற்கரைக்குச் சமாந்தரமாய்க் கிடக்கும் இந்நீர்ப்பரப்பு, வடக்கே பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. மாரியில் மேற்குப் பக்கத்து ஆறுகளும் குளங்களும் பெருகி வந்து வாவியை நிரப்ப, நீர் பெருக்கெடுத்து மணற்றிட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாயும்; தானே உடையாதபோது, வயல்களும் வீடுகளும் மூழ்கிவிடாதபடி முகத்துவாரத்தை வெட்டிவிடுவதும் உண்டு. மழை நின்றபின் வெள்ளம் வடிகிறது. வடிந்த நீருக்குப் பின்னால் கரையோரச் சேற்றுநிலம் நாளொரு முழமாக வெளிப்படுகிறது. மாரி முழுவதும் நீருக்கடியில் கொழுத்திருந்த புழுக்களும் நண்டுக்குஞ்சுகளும் இறாற்குஞ்சுகளும் சிப்பிகளும் அந்தச் சேற்றின் மேற்பரப்பிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் கிடக்கின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறக்கவேண்டியிருக்கும் பிராணிகள் தங்கள் உடம்பில் கொழுப்பை ஏற்றிக்கொள்ள வேண்டிய அதே வாரங்களில், இந்த விருந்து விரிக்கப்படுகிறது.

அந்தச் சேற்றின் ஓரத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கச் செய்தால், விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் 'இசைவாக்கம்' என்ற தலைப்பின் கீழ் மாணவன் மனனம் செய்வதை அவன் கண்ணால் காண்பான். சின்ன உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், மேற்பரப்பில் தெரிந்ததைக் கொத்தும், மீண்டும் ஓடும். அதன் அலகு குறுகியது, கண் பெரியது. அதற்கு இரண்டடி தள்ளி, கருவால் மூக்கன் என்று நூல்களில் பெயர்பெற்ற பறவை தன் நீண்ட நேரான அலகைக் கண்வரை சேற்றுள் இறக்கி, காணாததைத் தடவி எடுக்கும். முழங்காலளவு நீரில் செந்நிறக் கால்களோடு நெட்டைக்கால் உள்ளான் நிற்க, அதற்கும் அப்பால் மஞ்சள்மூக்கு நாரை, பாதி திறந்த அலகைக் கலங்கிய நீரில் அமிழ்த்தி இருபுறமும் துழாவியபடி நடந்து, மீன் பட்ட மாத்திரத்தில் படாரென மூடிக்கொள்ளும். ஒரே சேற்றில், ஒரே காலையில், ஒன்றன் பங்கை ஒன்று பறிக்காமல் இத்தனை இனங்கள் பிழைப்பதற்கு அலகின் நீளமும் காலின் நீளமும் காரணமென்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதற்கும், நேரில் கண்ட பிள்ளை தானே சொல்வதற்கும் உள்ள வேற்றுமையைத் தாங்கள் என்னைவிட நன்கறிவீர்கள்.

மாசி, பங்குனியை நான் குறிப்பாக வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புரட்டாதி, ஐப்பசியில் இங்கு வந்திறங்கும்போது இப்பறவைகளுட் பல மங்கிய சாம்பல் உடையில் வருகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றை வேறுபடுத்தி அறிவது பழகிய கண்ணுக்கும் கடினம். இப்பொழுதோ அவை புறப்பாட்டுக்கு முன் நிறம் மாறுகின்றன. நீலச்சிறகி என்னும் சிறு தாராவின் ஆணுக்குக் கண்ணுக்கு மேலிருந்து பிடரி வரை வளைந்த வெண்கீற்றுத் துலக்கமாகத் தெரிகிறது. கருவால் மூக்கன்களுட் சிலவற்றின் கழுத்திலும் மார்பிலும் செங்கல் நிறம் ஏறத் தொடங்குகிறது. மணற்கரையில் திரியும் உப்புக்கொத்தியின் மார்பில் கபில நிறப் பட்டை தோன்றுகிறது. அதே கூட்டத்தில் இன்னும் பழைய சாம்பல் உடையோடே நிற்பவையும் இருக்கும். இந்த மாறுதலை வாரத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, மூன்று நான்கு வாரம் கவனித்த மாணவனுக்குப் பருவம் என்றால் என்ன, உடம்பினுள் ஓடும் காலக்கணக்கு என்றால் என்ன என்பவை தெளிந்துவிடும்.

இவை போகும் தூரத்தை எண்ணிப் பார்க்கவும் அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். நம் வாவிக்கு வரும் கருவால் மூக்கனுக்கு நெருங்கிய உறவான பட்டைவால் மூக்கன் என்னும் இனத்தைச் சேர்ந்த, பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு குஞ்சு, 2022ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, எங்கும் இறங்காமல், உண்ணாமல், நீர் பருகாமல் 11 நாளில் 13,560 கிலோமீற்றர் பறந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவை அடைந்ததை, அதன் உடலில் பொருத்திய சிறு கருவி செய்மதி வழியாகப் பதிவுசெய்தது. அந்தப் பிரயாணத்துக்கு வேண்டிய பலம் முழுவதும் புறப்படுவதற்கு முன் சேற்றில் கிடைத்த இரையே. பாலமீன்மடுவின் சேறும் வலையிறவுப் பாலத்துக்கு அருகிலுள்ள சேறும் அத்தகைய களஞ்சியங்களே ஆதலால், குப்பை கொட்டுவதற்கும் மண் நிரப்பிக் காணி பிடிப்பதற்கும் வாய்ப்பான 'சும்மா கிடக்கும்' இடமாக அவற்றைக் கருதுவது பெருந்தவறு. அப்படிக் கருதாத ஒரு தலைமுறையை உருவாக்கும் ஆற்றல் தங்கள் கையில் இருக்கிறது.

படுவான்கரைக்குக் கடந்தால் காட்சி வேறு. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பிறகு, முன்னர் 'பாதை' என்னும் மிதவையில் ஏறிக் கடந்த துறையை இப்போது சில நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். வசதி பெரிது, மறுக்கவில்லை. ஆனால் குருமண்வெளித் துறையில் பாதையேறி மண்டூர்க் கரைக்குச் சென்றவர்கள், அந்த மெதுவான பயணத்தில் கண்ணாமரங்களின் மீது நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை அகல விரித்து வெயில் காய்வதையும், கூழைக்கடாக்கள் வரிசையாக நின்று மீன்களை ஆழமற்ற மூலைக்குத் துரத்தி ஒருமித்து அள்ளுவதையும், தலைக்கு மேலே செம்பருந்து வட்டமிடுவதையும் அறிவார்கள். பாம்புத்தாராவின் இறகு நீரில் ஊறும் இயல்பினது. அதனாலேயே அது எளிதில் மூழ்கி மீன் குத்துகிறது, அதனாலேயே குளித்தெழுந்தவர் போலச் சிறகை உலர்த்த நேர்கிறது.

பெரும்போக வெள்ளாண்மை வெட்டும் காலம் இது. கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கத்து வட்டைகளில் அறுவடை இயந்திரம் இறங்கியவுடன் அதன் பின்னே உண்ணிக்கொக்குகளும் வெண்கொக்குகளும் நடக்கின்றன. தாள் விழுந்தவுடன் புறப்படும் தத்துக்கிளியும் தவளையும் அவற்றுக்கு உணவு. மின்கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான் உட்கார்ந்து, பறக்கும் தேனீயைப் பாய்ந்து பிடித்துவந்து, கம்பியில் அடித்தும் தேய்த்தும் கொடுக்கை நீக்கிய பின்னரே விழுங்குவதைக் காணலாம். ஈரம் வற்றாத மூலைகளில் நத்தைகுத்தி நாரை நிற்கும். மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரியும் அப்பறவை, வழுக்கும் நத்தையைப் பற்றி ஓட்டிலிருந்து சதையைப் பிரித்தெடுப்பதில் வல்லது. தாமரை படர்ந்த சிறு குளங்களில், நீண்ட விரல்களை இலைமீது பரப்பி நடக்கும் இலைக்கோழிக்கு இப்பருவத்தில்தான் நீண்ட கரிய வால் வளர்கிறது. அதன் குஞ்சுகளை வளர்ப்பது தந்தை என்று சொன்னால் பிள்ளைகள் வியப்பார்கள்.

பறவைகளோடு நிறுத்திவிடவும் வேண்டாம். காலை நடையின் மிகப் பெரிய பாடம் சேற்றிலும் புழுதியிலும் பதிந்த தடத்தில் இருக்கிறது. நரியின் அடி, கீரியின் அடி, உடும்பு வாலை இழுத்துப்போன கோடு, கண்டற்காட்டின் ஓரத்தில் மீன்செதிலும் நண்டோடும் கலந்து கிடக்கும் நீர்நாயின் எச்சம்: இவற்றைப் படிக்கத் தெரிந்தவனுக்கு, பிராணியைக் காணாமலே இரவில் அங்கு என்ன நடந்தது என்பது தெரியும். வட்டைக்காவலுக்குப் போகும் பெரியவர்களுக்கு இந்த எழுத்து நன்றாகத் தெரியும். அவர்களுள் ஒருவரை நடைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

அவர் உடன்வருவது பாதுகாப்புக்கும் உதவும். படுவான்கரையின் மேற்கு எல்லைக் கிராமங்களில் அறுவடைக் காலத்தில் யானை இறங்குகிறது. பரணில் கண்விழித்தும் யானை வெடி கொளுத்தியும் பயிரைக் காப்பவர்கள் படும் துன்பம் சொல்லி முடியாது. உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் நம் வகுப்பறைகளிலேயே இருக்கின்றன. ஆகவே அப்பகுதிகளில் நன்கு வெளுத்த பின்னரே நடக்கவேண்டும், காட்டோரத்தை விலக்கவேண்டும், முதல்நாள் இரவு யானை எந்தப் பக்கம் நின்றதென்று ஊராரிடம் கேட்காமல் ஓரடியும் வைக்கலாகாது. வாவியிலும் குளங்களிலும் முதலை உண்டு. கரையில் அகன்ற வழுக்குத் தடம் கண்டால் விலகி நிற்கவேண்டும். எக்காரணங் கொண்டும் பிள்ளைகள் நீரில் இறங்கக்கூடாது. இவ்வாறு எச்சரிப்பதால் தாங்கள் நடையையே கைவிட்டுவிடக் கூடாது. எழுவான்கரையில் கல்லடிப் பக்கத்துக் கரையோரம் சிறு பிள்ளைகளுக்கும் ஏற்றது.

கண்டதை எழுதிவைக்கும் காரியத்தில் நாம் பின்தங்கிவிட்டோம். என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் அதுவே. 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் ரெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி, வாவியினடியிலிருந்து எழும் இசையைப் பற்றி நம் மீனவர்களிடம் விசாரித்தார். அவர்கள் தயங்காமல் இடத்தைச் சொன்னார்கள். ஒலியெழுப்புவது ஊரி என்னும் நத்தையினம் என்றார்கள். அழும் ஊரி என்று பொருள்படும் பெயரையும் கூறி, அந்த ஊரிகளையே எடுத்துவந்து காட்டினார்கள். அவரோ இரவில் தோணியில் சென்று தாமே கேட்டு, 1859இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் அதனை எழுதினார். 'பாடும் மீன்' என்று பெயர்பெற்ற மட்டக்களப்பின் அந்த இசையை உலகம் அறிந்ததற்கு அந்நூல் ஒரு பெருங்காரணம். கேட்டவர்களும் அறிந்தவர்களும் பெயரிட்டவர்களும் நம்மவர். எழுத்து மட்டும் வேறொருவருடையது. காரைதீவில் பிறந்து, கல்லடி உப்போடையில் கல்விப்பணி புரிந்த விபுலாநந்த அடிகள், பௌதிகவியலும் பயின்றவர் ஆதலால், அந்த நீரிசையைச் செவிமடுத்துச் சிந்தித்து, 1947இல் அரங்கேறிய தம் யாழ்நூலோடு அதனைத் தொடர்புபடுத்தினார். அவ்வழியில் வாவியின் ஏனைய ஜீவராசிகளைத் தமிழில் அவதானித்து எழுதும் மரபு நம்மிடையே வளராமற் போயிற்று. யுத்த காலத்தில், இருட்டோடு கரையில் நடப்பவன் உயிரோடு திரும்புவானோ என்றிருந்த ஆண்டுகளில், அது வளர்ந்திருக்கவும் முடியாது. இப்போது அந்தத் தடை இல்லை.

நடப்பது நமக்குப் புதிய பழக்கமுமன்று. ஆண்டுதோறும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோர், உகந்தை மலையைக் கடந்து, கூமுனை, யால காடுகளின் ஊடாக நாட்கணக்காய் நடக்கிறார்கள். எந்த இடத்தில் நீர் கிடைக்கும், எந்தப் பொழுதில் யானை நீருக்கு வரும், எந்தப் பறவையின் குரல் ஆபத்தைக் குறிக்கும் என்பவற்றை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்துவைத்திருக்கிறார்கள். அந்த யாத்திரைக்குச் சென்றுவந்த தாத்தாவோ அம்மம்மாவோ தங்கள் வகுப்புப் பிள்ளைகள் பலரின் வீட்டில் இருப்பார்கள். அவர்களுடைய ஞாபகமும் நடைக்குறிப்பேட்டில் ஏறவேண்டியதே.

குறிப்பேடு என்று நான் சொல்வது பெரிய ஆராய்ச்சியைக் கருதியன்று. திகதி, நேரம், இடம், காற்று, நீர்மட்டம், கண்ட பிராணி, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்பவற்றை ஒரு கொப்பியில் பிள்ளை தன் கையால் எழுதினால் போதும். பெயர் தெரியாவிட்டால் அலகையும் காலையும் வரையட்டும். தமிழ்நாட்டில் 2015 முதல் தைப்பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் தொடங்கி, ஆசிரியர்களும் மாணவர்களும் அதில் ஆர்வத்தோடு பங்குகொள்கிறார்கள். நம் தீவில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டி நடைபெறுகிறது; 1943இல் தோன்றிய இலங்கைப் பறவைகள் கழகம் அதனை நெடுங்காலமாக நடத்திவருகிறது. சிலரே செய்யும் அந்த வேலைக்கு, கரைதோறும் கண்கள் வேண்டும்.

எண்ணிக்கைக்கு இத்தனை அழுத்தம் கொடுப்பதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1971ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆந் திகதி ஈரானின் ராம்சார் நகரில் கைச்சாத்தான ஈரநில உடன்படிக்கையின்படி, ஒரு நீர்நிலை சர்வதேச முக்கியத்துவம் உடையது என்று ஏற்கப்படுவதற்குரிய அளவுகோல்களுள், அது வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளைத் தாங்குவதும், ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கையேனும் தாங்குவதும் அடங்கும். தென்னிலங்கையின் புந்தல 1990இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. மன்னாரின் வங்காலையும் கிழக்கின் தென்கோடியிலுள்ள கூமுனையும் 2010இல் ஏறின. மட்டக்களப்பு வாவி அதில் இடம்பெறவில்லை. அழகு அளவுகோல் ஆகாது. பாடும் மீனின் புகழும் ஆகாது. ஆண்டுக்கு ஆண்டு, மாதத்துக்கு மாதம், இடத்துக்கு இடம் எழுதப்பட்ட எண்களே சான்று. வாவியை நிரப்புவதற்கும் கண்டற்காட்டை வெட்டுவதற்கும் எதிராக ஒருவர் நாளை எழுந்து நின்று பேசும்போது, அவர் கையில் இருக்கவேண்டியது பத்தாண்டுப் பாடசாலைக் குறிப்பேடுகளின் அடுக்கு.

தங்களுடைய சுமையை நான் அறியாதவனல்லேன். முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் வந்து நெருக்குகின்றன. ஐந்தாந் தரத்தாருக்குப் புலமைப்பரிசில், பெரியவர்களுக்குச் சாதாரண தரம். சனியும் ஞாயிறும் தனியார் வகுப்புகளுக்குரியவை ஆகிவிட்டன. பெற்றோரோ மதிப்பெண்ணாகாத எதையும் வீண்பொழுது என்கிறார்கள். அவர்களிடம் பொறுமையோடு பேசவேண்டியிருக்கும். ஆனால் நான் கேட்பது ஆறேகால் மணிச் சூரியோதயத்திலிருந்து எட்டு மணிவரையுள்ள நேரமே. பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். வெள்ளைச் சீருடையைத் தவிர்த்து மங்கிய நிற உடுப்பு அணியட்டும். ஒலிபெருக்கியும் கைபேசிப் பாட்டும் வேண்டாம். தொலைநோக்குக் கண்ணாடி ஒன்று இருந்தால் நன்று; இல்லாவிடினும் குறையில்லை, கூழைக்கடாவும் நாரையும் வெறுங்கண்ணுக்கே போதியவை. கூட்டத்தை நோக்கி நடக்காமல், ஒரு கண்டல்மரத்தின் அல்லது தோணியின் மறைவில் அமர்ந்து, பறவை நம்மை மறக்கும்வரை காத்திருப்பதே முறை. துரத்திப் பறக்கவிட்டுப் படமெடுப்பது பாவம். நீண்ட பயணத்துக்குச் சேமித்த பலத்தை அது வீணாக்குகிறது.

கரையில் வலை காயப்போடும் மீனவரிடம் பிள்ளைகள் பேசட்டும். மணலையும் கொடுவாவும் எந்த நீரில் நிற்கும், தாரா இறங்கும் மூலை எது, முன்பு இருந்து இப்போது இல்லாதது எது என்று கேட்கட்டும். அவர் சொல்லும் பெயரை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளட்டும். நூலிலுள்ள பெயரைப் பிறகு பக்கத்தில் எழுதலாம். காத்தான்குடிப் பிள்ளையும் ஆரையம்பதிப் பிள்ளையும் ஒரே நாளில், ஒரே நீரின் இரு துறைகளில் எழுதிய கணக்கை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்களாயின், அதைவிட மகிழத்தக்கது எனக்கு வேறொன்றில்லை.

பங்குனி முடிவதற்குள் தாராக்களும் உள்ளான்களுட் பெரும்பாலானவையும் போய்விடும். சித்திரை வருடப்பிறப்புக்குப் பின் அழைத்துச் சென்றால் வெறுஞ் சேற்றையே காட்ட நேரும். ஆகையால் இந்த மாதத்திலேயே ஒரு சனிக்கிழமையைக் குறித்துவிடுங்கள். அதிபரிடம் அநுமதியும் பெற்றோரிடம் கையொப்பமும் பெறுங்கள். நிறைந்த முதற் குறிப்பேட்டைப் பாடசாலை நூல்நிலையத்தில், வெளியார் எவரும் கேட்டுப் பார்க்கக்கூடிய தட்டில், வையுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள
வாவிக்கரை வாசி ஒருவன்